மூக்குத்தியில் முதலில் தண்டைப் பாருங்கள்

எங்கள் பட்டறைக்கு மூக்குத்தி எடுக்க வருகிறவர்கள் கல்லைத்தான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சதைக்குள் மாதக்கணக்கில் இருக்கப்போகிற தண்டு என்ன உலோகம் என்று கேட்பவர் குறைவு. புதிதாகக் குத்திக்கொள்பவர் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அரிப்பு, நீர் கசிவு என்று வருகிறவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது நிக்கல். கவரிங் நகையில் செம்பு, பித்தளைக்கு மேல் முலாம் இருக்கும். முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சும் இருக்கலாம். முலாம் தேய்ந்தால் அது நேராகப் புண்ணில் படும். துளைக்குள் போகும் தண்டிலிருந்து வாரத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

"காந்தம் வச்சுப் பார்த்தேன், ஒட்டலை" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாதுதான். ஆனால் அதில் நிக்கல் 10 சதவீதத்துக்குக் குறையாது. நிக்கல் எளிதில் வெளியே கசியாததால் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. கவரிங் போட்டாலே அரிக்கும் என்பவருக்கு மட்டும் நான் கொடுப்பதில்லை.

அவர்களுக்கு டைட்டானியம். ஏஎஸ்டிஎம் எஃப்136 என்பது உடலுக்குள் பொருத்தும் சிகிச்சைப் பொருள்களுக்கான தரம். அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "டைட்டானியம் கலர்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பொன் வேலைக் குடும்பத்தில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று அப்பாவுக்கு வருத்தம்தான்.

தங்கமும் நல்லதே. 916-இல் 91.6 சதவீதம் தங்கம். பொதுவாக மீதி செம்பும் வெள்ளியும். ஆனால் மென்மையானது, திருகாணியின் மரை சீக்கிரம் தேயும். 18 கேரட் இன்னும் உறுதி. ஒயிட் கோல்டு என்றால் நிக்கல் கலந்ததா, பல்லேடியம் கலந்ததா என்று கேளுங்கள். இன்னொன்று: 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் தெரிந்த இடத்தில் வாங்குங்கள், மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, என்ன என்று பில்லில் இருக்கட்டும். வெள்ளி கறுக்கும், புதுத் துளையில் சாம்பல் நிறக் கறையும் விடலாம். ஆறின பிறகு போடலாம்.

சரி, வடிவம். நம் வழக்கமான திருகு மூக்குத்தியில் மரை துளை வழியாகப் போகும், புதுப் புண்ணைக் கீறும். உள்ளிருந்து நுழைத்து, முன்பக்கம் கல்லை அழுத்திப் பொருத்துகிற, தட்டையான அடி கொண்ட வழவழப்பான தண்டு நல்லது. உள்பக்கம் கம்பி வளைந்த மூக்குத்தி, முகம் துடைக்கும் துண்டில் மாட்டும். வளையம் அசைந்துகொண்டே இருக்கும், எட்டுக்கல் பேசரிக்கோ கனம் அதிகம், இரண்டும் புண் ஆறின பிறகு.

முதல் தண்டு சற்று நீளமாக இருக்கட்டும், வீக்கத்துக்கு இடம் வேண்டும். வீக்கம் வடிந்ததும் குட்டையானதாக மாற்றுங்கள். காதுச்சோணை 6 முதல் 8 வாரத்தில் ஆறும். மூக்குக்கு 4 முதல் 6 மாதம். காதின் மேல் குருத்தெலும்புக்கு அதைவிட அதிகமாகலாம். அங்கே காது குத்தும் துப்பாக்கியால் குத்த விடாதீர்கள், ஊசிதான்.

சீழும் காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். நகையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கும்.