எம்.எஸ். தசை இறுக்கத்துக்குக் கஞ்சா ஸ்பிரே: பிரிட்டனில் முறையாகத் தொடங்குவது எப்படி

மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்குக் கஞ்சா நல்லது என்று யாராவது சொன்னால், எந்தத் தொந்தரவுக்கு என்று உடனே கேளுங்கள். கை கால் தசைகள் விறைத்து இறுகுவது, ராத்திரியில் கால் வெட்டி இழுப்பது, அதனால் தூக்கம் கெடுவது, இவற்றுக்குத்தான் ஓரளவு உறுதியான ஆதாரம் இருக்கிறது. கை நடுக்கத்துக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. நோய் முற்றாமல் தடுக்கும் வேலையையும் அது செய்யாது, அதற்காக நியூராலஜிஸ்ட் தந்திருக்கும் ஊசியோ மாத்திரையோ அப்படியே தொடர வேண்டும். என் அக்காவுக்கு எம்.எஸ். இருக்கிறது. கஞ்சா என்ற பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது, அப்புறம் கேட்க வேண்டிய கேள்வியை டாக்டரிடமும் கேட்காமல் வலியைப் பொறுத்துக்கொண்டே இருக்கிறோம். அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரிட்டனில் எம்.எஸ். தசை இறுக்கத்துக்கென்றே உரிமம் பெற்ற கஞ்சா மருந்து சாட்டிவெக்ஸ், 2010இல் அனுமதி கிடைத்தது. வாய்க்குள் அடிக்கும் ஸ்பிரே அது. ஒரு தடவை அடித்தால் 2.7 மில்லிகிராம் டிஎச்சி, 2.5 மில்லிகிராம் சிபிடி உள்ளே போகும். இரண்டும் கஞ்சாச் செடியில் உள்ள வேதிப்பொருட்கள், இதில் போதை தரக்கூடியது டிஎச்சி. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2019 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மிதமானது முதல் கடுமையானது வரை தசை இறுக்கம் உள்ள பெரியவர்களுக்கு, மற்ற மருந்துகள் சரியாகக் கேட்காவிட்டால், நான்கு வாரம் இதைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் உங்கள் ஜி.பி. (குடும்ப டாக்டர்) தானாக இதைத் தொடங்க முடியாது, எம்.எஸ். தசை இறுக்கத்தைக் கவனிக்கும் ஸ்பெஷலிஸ்ட்தான் தொடங்க வேண்டும். அதனால் எம்.எஸ். நர்ஸுக்கு போன் செய்து, தசை இறுக்கத்துக்கு ஏற்கெனவே தந்த மாத்திரைகளில் பேக்லோஃபென் எவ்வளவு எடுத்தீர்கள், கபாபென்டின் எவ்வளவு, எதை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு எதுவும் பிடிபடாது. "ராத்திரி மூன்று தடவை கால் இழுத்து எழுந்துவிடுகிறேன், காலையில் சாக்ஸ் போட இன்னொருவர் வேண்டும்" என்று சொல்லுங்கள்.

அந்தச் சந்திப்பில் நம்மவர்கள் பெரும்பாலும் மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. உங்களுக்கோ, குடும்பத்தில் வேறு யாருக்காவதோ ஸ்கிட்ஸோஃப்ரீனியா போன்ற மனநோய் வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். சித்தப்பாவுக்கு "கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்று வீட்டில் மூடி மறைத்திருந்தாலும் அங்கே உள்ளதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தனக்கோ குடும்பத்திலோ அந்த நோய் இருப்பவர்களுக்கு டிஎச்சி ஆபத்தாக முடியலாம், அவர்களுக்கு இந்த மருந்தே கொடுப்பதில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கூடாது. பிள்ளை பெறத் திட்டமிருந்தால் அதையும் முன்பே பேசிவிட வேண்டும். மருந்தில் ஆல்கஹால் கலந்திருக்கிறது, மதக் காரணத்தால் அதைத் தவிர்ப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்து கைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு நாளும் மாலையில் ஒரே ஒரு ஸ்பிரேதான். அப்புறம் அட்டவணைப்படி இரண்டு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டிப் போக வேண்டும், ஒரு நாளைக்கு உச்சம் 12. ஒவ்வொரு ஸ்பிரேக்கும் நடுவில் குறைந்தது 15 நிமிடம் இடைவெளி. பலன் தெரியும் அளவில் நின்றுகொள்ளுங்கள், 12ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. தலை சுற்றினால் அடுத்த நாள் கூட்டாதீர்கள், நர்ஸிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். நாக்குக்கு அடியிலோ கன்னத்தின் உட்புறத்திலோ அடிக்கலாம், ஆனால் தினமும் ஒரே இடத்தில் அடித்தால் புண்ணாகிவிடும், இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். சாப்பாட்டுடன் எடுத்தால் உடம்பில் ஏறும் அளவு கூடும், அதனால் சாப்பிடும் முன்போ பின்போ, ஒரே வழக்கத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. பிரிக்காத புட்டியை ஃப்ரிட்ஜில் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது டைரி. மருந்து தொடங்கும் முன்பே ஒரு வாரம், தினமும் படுக்கப் போகும் நேரத்தில், அன்றைய தசை இறுக்கத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். நான்கு வாரம் கழித்து அந்த மதிப்பெண் குறைந்தது 20 சதவீதம் இறங்கியிருந்தால்தான் மருந்தைத் தொடர்வார்கள். அதாவது சராசரி 7 இருந்தால் 5.6க்கு வர வேண்டும். ஆசையில் குறைத்துப் போட்டுவிடாதீர்கள், பலனில்லாத மருந்தை வருடக்கணக்கில் சுமப்பதால் உங்களுக்குத்தான் நஷ்டம். இந்த மருந்து எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்காவிட்டால் அது உங்கள் குற்றமும் இல்லை.

மதிப்பெண்ணோடு நடையையும் கவனியுங்கள். கால் பலவீனமான சிலருக்கு அந்த விறைப்பே முட்டுக்கொடுத்து நிற்க வைத்துக்கொண்டிருக்கும். விறைப்பு தளர்ந்தால் முழங்கால் மடங்கி விழ நேரலாம். முதல் வாரங்களில் பாத்ரூம் போகும்போது யாராவது பக்கத்தில் இருக்கட்டும், பிசியோதெரபிஸ்டிடமும் சொல்லி வையுங்கள். பேக்லோஃபென், டயஸெபாம் போன்றவற்றோடு சேர்ந்தால் மயக்கமும் தூக்கமும் கூடும், ஆனால் அதற்காகப் பேக்லோஃபெனை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரை போகலாம். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கார்பமஸெபைன் எடுப்பவர்களுக்கு ஸ்பிரேயின் பலன் குறையலாம். எதை எடுத்தாலும், சித்த மருந்தாக இருந்தாலும், பட்டியலில் எழுதிக் காட்டுங்கள்.

வண்டி ஓட்டுவது தனி விஷயம். பிரிட்டனில் ஒரு லிட்டர் ரத்தத்தில் டிஎச்சி 2 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். டாக்டர் எழுதிக் கொடுத்து, சொன்னபடி எடுத்து, ஓட்டும் திறன் கெடாமல் இருந்தால் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பிரிஸ்கிரிப்ஷன் நகல் வண்டியில் இருக்கட்டும். தொடங்கும் வாரங்களில் மட்டும் ஓட்டவே வேண்டாம்.

2018 நவம்பர் 1 முதல் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் உரிமம் இல்லாத கஞ்சா மருந்துகளையும் எழுதித் தரலாம். அது பெரும்பாலும் தனியார் கிளினிக் வழி, செலவு உங்கள் தலையில். பூவாக வாங்கினாலும் எரிக்காமல் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசர் கருவியில்தான் எடுக்க வேண்டும், புகைப்பது பிரிஸ்கிரிப்ஷன் இருந்தாலும் சட்டப்படி தப்பு. கஞ்சா எடுத்துவந்த எம்.எஸ். நோயாளிகள் 28 நாள் அதை நிறுத்தியதும் ஞாபகசக்தி தேறியதை டொராண்டோ ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள், யோசிப்பது ஏற்கெனவே மந்தமாகிவிட்டவர்கள் இதை மனதில் வையுங்கள். கடையில் விற்கும் சிபிடி எண்ணெய் உணவு வகையில் சேர்ந்தது, மருந்து அல்ல, தசை இறுக்கத்துக்கு அதை நம்பிக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக, கல்யாணம், திருவிழா என்று ஊருக்குப் போகும்போது. லண்டன் டாக்டர் எழுதிக் கொடுத்தது என்பதால் சென்னையிலோ கொழும்பிலோ அது செல்லுபடியாகிவிடாது. இரண்டு நாட்டுச் சட்டமும் கஞ்சா விஷயத்தில் கடுமையானது, பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். டிக்கெட் போடும்போதே எம்.எஸ். நர்ஸிடம் பேசி, அந்த வாரங்களுக்கு வேறு மருந்தை வைத்து ஒரு திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தும் நாட்களில் தூக்கமும் மனநிலையும் கொஞ்சம் மாறலாம், பழைய இறுக்கமும் திரும்பலாம், அதனால் விமானம் ஏறுவதற்குச் சில வாரம் முன்பே வீட்டில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.