எடை ஏறுது, பிள்ளை தேறலை: அங்கன்வாடிக்குப் புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடை எடுக்கும் நாளில் புதுப் பணியாளர்கள் பக்கத்தில் நின்றால் எனக்குக் கை பரபரக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் நிறுப்பது, செருப்போடு ஏற்றுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விடுகிறேன்.

வீக்கத்தைச் சதை என்று நினைப்பது

இந்த ஒன்றில்தான் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சவலைப் பிள்ளை என்றால் எலும்பும் தோலுமாக, விலாவை எண்ணும்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் குவாஷியோர்கர் என்று இன்னொரு வகை உண்டு. அதில் பாதம் வீங்கி மினுமினுக்கும், முற்றினால் கன்னமும் உப்பும். எல்லாம் கோத்த நீர். தராசுக்கு நீரும் ஒன்றுதான், சதையும் ஒன்றுதான்.

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வளர்ச்சி அட்டையில் 8.4, 8.7, 9.2 கிலோ என்று மாதாமாதம் ஏற்றம், எல்லாப் புள்ளியும் பச்சையில், அதாவது எடை சரி என்று காட்டும் பட்டையில். "பாருங்க மேடம், நல்லா பூசினாப்புல ஆயிருச்சு" என்றார் பணியாளர். பாட்டிக்கும் பூரிப்பு. பிள்ளையோ சிரிக்கவே இல்லை. பொம்மையை நீட்டினாலும் கை வரவில்லை, தொட்டால் சிணுங்கல். முடி செம்பட்டை. கொலுசு கணுக்காலில் அழுந்திக் கிடந்தது. அதை மேலே ஒதுக்கி, புறங்காலில் கட்டைவிரலை வைத்து மூன்று விநாடி அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. மற்றக் காலிலும் அதே கதை.

இரண்டு பாதத்திலும் குழி விழுந்தால், எடை பச்சையில் இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் முள்ளோ காயமோ இருக்கலாம். சிறுநீரகக் கோளாறிலும் கால் வீங்கும்தான். அதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை, அனுப்பிவைப்பது நம் வேலை. மெடிக்கலில் நீர் பிரிய மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

அனுப்பியதோடும் முடியாது. சிகிச்சையில் நீர் வடிய வடிய எடை இறங்கும். அந்தக் குழந்தைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ இறங்கியதும், "சேத்ததும் புள்ள எளைச்சுப் போச்சே" என்று அம்மா பையைக் கட்டிவிட்டார். எடை இறங்கும், அது நல்லதுக்குத்தான் என்று அவரிடம் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் மறித்து உட்கார வைத்துப் பேசியதால் தப்பியது.

கைநாடாவை இறுக்குவது

இடது மேல்கையின் நடுவில், கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரை கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் மெலிவு. இறுக்கினால் நல்ல பிள்ளை சிக்கும், தளர்த்தினால் மெலிந்த பிள்ளை தப்பிவிடும்.

உயரத்தை விட்டுவிடுவது

"அவங்க அப்பாவும் குள்ளம்தான் மேடம்." இதைக் கேட்காத மாதமே இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அத்தனை பேருக்கும் அப்பா குள்ளமா? இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்து அளங்கள். நிற்க வைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும்.

காய்ச்சல் இல்லையே என்ற நிம்மதி

எதிர்ப்புச் சக்தி வற்றிய உடம்பு, தொற்று இருந்தாலும் சுடாமல் போகலாம். ஜில்லிட்டிருந்தால்தான் இன்னும் பயம்.

எடையை முழு எண்ணாக்கி எழுதுவது

8.4 என்றால் 8.4.

ஒரே நாளில் தேற்றப் பார்ப்பது

அனுப்பச் சொன்ன பிள்ளைக்கு, "போறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிடட்டும்" என்று முட்டையும் நெய்ச்சோறும் ஊட்டும் பாசக்காரர்கள் உண்டு. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு இறங்கினால் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும். இதயம் தாங்காது. 1945-ல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், மீட்ட படையினர் கொடுத்த கனத்த உணவைச் சாப்பிட்ட பின் இறந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் முதல் சில நாள் 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ள பால் கலவையை இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும் எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது இதனால்தான். இரும்புச்சத்து டானிக்கும் உடனே கிடையாது. பசி திரும்பி எடை ஏறத் தொடங்கிய பிறகே.