கேம்பர் வேனில் கேஸ் ஃபிரிட்ஜைப் பாதுகாப்பாகக் கழற்றி மாட்டும் முறை

பிரிட்டனில் கேம்பர் வேன்களில் (தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள வண்டிகளில்) பரவலாகக் காணப்படும் மூன்று வழி ஃபிரிட்ஜ், 230 வோல்ட் மின்சாரம், 12 வோல்ட் பேட்டரி, எல்பிஜி ஆகிய மூன்றில் எதைக் கொண்டும் இயங்கும். இதில் கம்ப்ரசர் கிடையாது. பின்புறக் குழாய்களுக்குள் அழுத்தத்துடன் அடைக்கப்பட்டிருக்கும் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவை வெப்பத்தின் உதவியால் சுற்றிவந்து குளிர்ச்சியை உண்டாக்குகின்றன.

கேஸ் இணைப்பைப் பிரிப்பதையும் மீண்டும் இணைப்பதையும், எல்பிஜி வண்டிகளில் வேலை செய்யும் தகுதி பெற்ற, கேஸ் சேஃப் என்னும் பிரிட்டனின் அதிகாரபூர்வ கேஸ் பொறியாளர் பதிவேட்டில் உள்ள பொறியாளரிடம் ஒப்படைப்பதே முறை. வாடகைக்கு விடும் வண்டியானால் சட்டமும் அதையே கோருகிறது. மற்ற வேலைகளை உரிமையாளரே செய்யலாம் என்றாலும், பொறியாளர் என்ன செய்கிறார் என்பதை அவர் முழுமையாக அறிந்திருக்க வேண்டும்.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வையுங்கள். சிலிண்டர் வால்வை மூடிய பின், அடுப்பைப் பற்றவைத்துத் தானே அணையும்வரை எரியவிட்டால் குழாயில் தங்கிய கேஸ் தீர்ந்துவிடும். அதன்பின் சிலிண்டரைக் கழற்றுங்கள். 230 வோல்ட் இணைப்பைத் துண்டிப்பதோடு 12 வோல்ட் ஃபியூஸ்களையும் எடுத்துவிட வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு படியும். அது வெளியேறுவதற்காகத் தரையில் விடப்பட்டுள்ள துளைகளை மிதியடியோ மண்ணோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ் குழாய் இணைப்பின் நட்டைத் திருப்பப் பொறியாளருக்கு இரண்டு ஸ்பேனர்கள் தேவை. ஒன்றால் ஃபிரிட்ஜின் பக்கத்து இணைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்பாவிட்டால் உள்ளேயிருக்கும் மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும். திறந்த குழாய் முனையைப் பித்தளை மூடியால் இறுக அடைக்க வேண்டும். டேப் சுற்றுவது போதாது. ஒயர்களைப் பிரிக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்போக்கியையும் விடுவித்து, உட்சுவரில் பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளைக் கழற்றிய பின், இருவராகச் சேர்ந்து பெட்டியின் உடலைப் பிடித்து வெளியே இழுங்கள். பின்புறக் குழாய்களைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அங்கே மஞ்சள் கறையோ நெடியோ இருந்தால் குளிர்க்குழாய் கசிகிறது என்று பொருள். அந்த மஞ்சள் பொருள் நச்சுத்தன்மை கொண்ட சோடியம் குரோமேட் ஆகையால் அதைச் சுரண்டாமல், அந்த ஃபிரிட்ஜை மீண்டும் மாட்டாமல் விட்டுவிடுங்கள்.

வெளியே எடுத்த கையோடு பர்னரைச் சுத்தம் செய்வது நல்லது. புகைப்போக்கியிலிருந்து உதிரும் துருத் துகள்கள் பர்னரின் மேல் படிந்து சுடரை மஞ்சளாக்குகின்றன. அவற்றை மென்மையான தூரிகையால் அகற்றலாம். பர்னருக்குக் கேஸ் வரும் ஜெட் துளையில் மட்டும் ஊசி விடக் கூடாது. துளை சற்றே பெரிதானாலும் சுடரின் அளவு கெட்டுவிடும்.

மீண்டும் மாட்டும்போது பலர் கேஸ் கசிவை மட்டும் சோதித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். என் கருத்தில் அதற்கு இணையாக முக்கியமானது, பெட்டியின் பின்புறத்தை வண்டியின் உட்பகுதியிலிருந்து முற்றிலும் பிரிக்கும் அடைப்பு. சுடருக்கான காற்று வெளிச்சுவரின் கீழ்த் திறப்பு வழியே வந்து, புகை வெளியேதான் போக வேண்டும். அடைப்பில் ஓர் இடைவெளி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு நீங்கள் உறங்கும் இடத்துக்குள் வரும். அதற்கு வாசனை இல்லை. இரவில் வெளித் திறப்பின் வழியாக டார்ச் அடித்து, உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கோடாக ஒளி தெரியும் இடமெல்லாம் வெப்பம் தாங்கும் சீலன்ட்டால் மூடப்பட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கட்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, உறைபெட்டியின் அடித்தட்டில் ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். சாய்ந்த நிலையில் இயங்கினால் திரவம் சரியாகத் திரும்பாமல் பின்புறக் குழாய்களில் திரவம் சூடாக்கப்படும் கொதிகலன் பகுதி அளவுக்கு மீறிச் சூடேறும்.

இணைப்பில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் சிறிய வளையம் நசுங்கியிருந்தால் புதியது போட வேண்டும். இத்தகைய இணைப்பின் மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுவது உதவாது. சிலிண்டரைத் திறந்ததும் கசிவு கண்டறியும் திரவத்தை ஒவ்வோர் இணைப்பிலும் தெளித்து, குமிழி எழுகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். தீக்குச்சியால் சோதிப்பது உயிரோடு விளையாடுவதாகும். ரெகுலேட்டரின் அழுத்தம் ஃபிரிட்ஜின் தகட்டில் குறித்த அளவோடு பொருந்துகிறதா என்பதையும் பொறியாளர் அளந்து பார்க்க வேண்டும். புதிய வண்டிகளில் அது 30 மில்லிபார்.

குழாயில் காற்று புகுந்திருப்பதால் முதல் முறை பற்றவைக்கச் சற்று நேரமாகும். சுடர் நீலமாக நிலைத்து எரிய வேண்டும். குளிர்ச்சி தெரியப் பல மணி நேரம் பிடிக்கும். வண்டியின் அதிர்வில் இணைப்புகள் தளரக்கூடும் என்பதால், முதல் நெடும்பயணம் முடிந்ததும் கசிவுச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள்.