இரண்டு பிராசசர்களுக்கு நடுவே: என் அனுபவம்

புதுக் கணினிக்கு ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸா, இன்டெலின் கோர் ஐ9 13900கேயா என்று மூன்று வாரம் குழம்பினேன். இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டிலும் 32 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 32 வேலைகளை ஓட்டலாம். முதலாவதில் 16 கோர்களும் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்) ஒரே வகை. இரண்டாவதில் 8 பெரிய கோர், 16 சின்ன கோர். பெஞ்ச்மார்க் எனப்படும் வேகச் சோதனை முடிவுகளைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

சரி, என் பழைய கணினியையே கேட்டுவிடலாம் என்று விண்டோஸில் பிராசசரின் சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஒவ்வொரு கோருக்கும் தனிக் கட்டம் தெரியும்படி மாற்றி, ஓரமாக வைத்துக்கொண்டு நாள் முழுக்க வழக்கமான வேலையைச் செய்தேன். படம் திருத்தும்போது ஒன்றிரண்டு கட்டங்கள்தான் துள்ளின. நான் எழுதிய நிரல் கம்பைல் ஆகும்போதோ (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறும்போதோ) எல்லாமே உச்சியைத் தொட்டு, நிமிடக்கணக்கில் அங்கேயே நின்றன. என் நேரம் கரைவது அங்கேதான். அந்த வேலையில் இரண்டுமே கெட்டிதான். அடுத்த தலைமுறை பிராசசரையும் மதர்போர்டில் உள்ள அதே ஏஎம்5 சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடம்) பொருத்தலாம் என்பதால் ரைசனை எடுத்தேன். (விளையாட்டுதான் முக்கியம் என்றால் கூடுதல் கேஷ், அதாவது சிப்பிலேயே உள்ள அதிவேக நினைவகம், கொண்ட எக்ஸ்3டி வகை ரைசனைப் பாருங்கள்.)

அப்புறம் ஒரு சிக்கல். கம்பைல் தொடங்கினாலே 95 டிகிரி, விசிறி இரைச்சல் தாங்கவில்லை. அந்த 95 என்பது வடிவமைப்பிலேயே உள்ள வரம்பு, ஆபத்தில்லை. ஆனாலும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடில் ‘105 வாட்’ என்ற தேர்வை வைத்தேன். தேர்வின் பெயர் 105 என்றாலும், சாக்கெட் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பு 230 வாட்டிலிருந்து 142-க்கு இறங்கியது. கம்பைல் நேரம் கொஞ்சம்தான் கூடியது. விசிறிச் சத்தம் இப்போது காதிலேயே விழுவதில்லை.