சிறு மருத்துவமனைகளில் நோயாளிகளின் கணினிப் பதிவுகளைக் காப்பது எப்படி?

இருபது முப்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளைக் கணினிக்கு மாற்றியதும் முதலில் செய்ய வேண்டியது, அவற்றைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் கொடுப்பதுதான். வரவேற்பு மேசைக்கும் மருந்தகத்துக்கும் ஆய்வகத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து, அதைத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்வரை, எந்தப் பதிவை யார் திறந்தார் என்பதை எவராலும் கண்டறிய முடியாது. வேலையை விட்டு நிற்பவரின் கணக்கை அன்றைக்கே முடக்கிவிடுங்கள்.

அடுத்து, அவரவர் வேலைக்குத் தேவையான பகுதி மட்டுமே அவரவர் திரையில் தெரியும்படி மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். சீட்டுப் போடுபவருக்குப் பெயரும் வயதும் தொலைபேசி எண்ணும் போதும்; எச்.ஐ.வி. பரிசோதனை முடிவோ மனநல மருத்துவரின் குறிப்போ அவர் கண்ணில் படவே தேவையில்லை. இவ்விரண்டின் இரகசியத்தையும் காக்க 2017இல் தனித்தனிச் சட்டங்களே இயற்றப்பட்டுள்ளன. எந்தப் பதிவை யார், எப்போது திறந்தார் என்ற பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, பணி நேரத்துக்கு வெளியே திறக்கப்பட்டவற்றையும் ஊழியர்களின் உறவினர், அண்டை வீட்டார் பதிவுகளையும் பாருங்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, பரிசோதனை முடிவுகளை ஊழியர்கள் தம் சொந்தக் கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம். செய்தி போகும் வழியில் மறையாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றும் முறை, இருப்பது உண்மையே. ஆனால் அந்தப் படம் ஊழியரின் குடும்பப் படங்களோடு கலந்து, அவருடைய கூகுள் கணக்குக்கும் தானாகச் சென்றுவிடக்கூடும். அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது அவரிடமே இருக்கும். ஆகவே மருத்துவமனைக்கென ஒரு கைபேசியை ஒதுக்கி, படங்கள் தானாகச் சேமிக்கப்படும் வசதியை நிறுத்தி, நோயாளி எழுதித் தந்த எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். மருத்துவர் குழுவில் ஆலோசனை கேட்பதானால், பெயரும் பதிவு எண்ணும் படத்திலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பர் 23 அன்று இணையவழியாகத் தாக்கப்பட்டபோது, நோயாளிகளின் பெயர்ப்பதிவும் உள்நோயாளிச் சேர்க்கையும் பல நாட்கள் காகிதத்தில் நடந்தன. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. தினமும் காப்பு நகல் எடுப்பதோடு, ஒரு நகலை மறையாக்கம் செய்த ஹார்ட் டிஸ்கில் பதிந்து, கணினியிலிருந்து கழற்றிப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். கணினியோடு இணைந்தே இருக்கும் நகலையும் தாக்குபவர்கள் திறக்க முடியாதபடி பூட்டிவிடுவார்கள். அந்த நகலிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்து பாருங்கள். தாக்குதல் நடந்தால் அதை அறிந்த 6 மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவு காவலும் நோயாளிக்கு எதிரானது அன்று. அவர் தம் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. உறவினர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் மட்டும், நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்டு வாங்கிய பிறகே கொடுங்கள்.