காரைக்குடி கடைத்தெருவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

செட்டிநாட்டில் கடைத்தெரு என்றால் காரைக்குடிதான். கண்டாங்கிச் சேலை, பழைய வீட்டுச் சாமான், பலகாரம் மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும். ஆனால் கண்ணில் பட்ட கடையில் எல்லாம் நுழைந்தால் மதியத்துக்குள் பை நிறைந்துவிடும், நல்ல பொருள் அதற்கப்புறம்தான் கண்ணில் படும். அதனால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு, அடுத்து சேலை, பிறகு சாமான், கடைசியில் பலகாரம்.

படி 1: போய்ச் சேருவது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை இருக்கிறது. மதுரை, திருச்சி இரண்டுமே சுமார் 90 கிலோமீட்டர்தான், பஸ்ஸிலேயே வந்துவிடலாம். டிசம்பர், ஜனவரியில் வந்தால் வெயில் படுத்தாது. இரண்டு கட்டைப்பையும் கொஞ்சம் பழைய செய்தித்தாளும் கையோடு இருக்கட்டும்.

படி 2: கடைக்கு முன்னால் ஒரு வீடு

காலையில் பக்கத்து ஊரான கானாடுகாத்தானுக்கோ ஆத்தங்குடிக்கோ போய் ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டைப் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் இரண்டு ஊரிலும் உண்டு. முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது முற்றத்துக்குள் போனால் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமெண்ட் டைல்) பதித்த தரையும் தெரியும். பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பித்தளையும் எவர்சில்வரும் பீங்கானும் எனாமலும் அறை அறையாக அடுக்கிக் கிடந்த வீடுகள் இவை. கடையில் தூசியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தூக்குவாளி எங்கிருந்து வந்தது, எதற்குப் புழங்கியது என்று தெரிந்துகொண்டு வாங்குவது தனி சுகம். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

படி 3: கண்டாங்கி

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்திச் சேலை, கட்டமோ கோடோ போட்டது, நல்ல அகலக் கரை. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கருப்பு என்று நிறங்கள் பளிச்சென்று இருக்கும். இப்போது விசைத்தறியில் ஓட்டிய சேலையும் கண்டாங்கி என்ற பெயரில் விற்பனைக்கு வருவதால், பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

கரை ஓரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். கைத்தறியில் துணியின் அகலம் சுருங்காமல் ஒரு குச்சி இழுத்துப் பிடித்திருக்கும். அதன் ஊசி குத்திய பொடி ஓட்டைகள் ஓரம் நெடுக வரிசையாகத் தெரியும். நெசவும் அங்கங்கே ஒரு நூல் தடித்தும் மெலிந்தும் வரும். அது குறை இல்லை, கை பட்ட அடையாளம். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ரவிக்கைத் துணி சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள், எல்லாச் சேலையிலும் வராது.

புதுச்சேலை மொடமொடவென்று இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசி நிழலில் உலர்த்துங்கள். துவைக்கத் துவைக்க உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெயில் ஊருக்கு இதைவிட நல்ல சேலை எனக்குத் தெரியாது.

படி 4: முனீஸ்வரன் கோவில் தெரு

பழம்பொருள் கடைகள் இருக்கும் தெரு இது. ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் போதும். அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, ஊறுகாய் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், கதவு, தூண் எல்லாம் கூரை வரை ஏறிக் கிடக்கும். அவசரமே படாதீர்கள்.

எனாமல் பாத்திரத்தை எடுத்தவுடன் கவிழ்த்துப் பாருங்கள். வெளிநாட்டில் செய்ததாக இருந்தால் அடியில் முத்திரை இருக்கலாம். விளிம்பில் பூச்சு பெயர்ந்திருந்தால் சமையலுக்கு வேண்டாம், அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பித்தளையில் வீட்டு முதலெழுத்துகள் வெட்டியிருக்கிறதா என்று தேடுங்கள், புழங்கிய பாத்திரத்தில் அந்த எழுத்தே தேய்ந்திருக்கும். புதிதாகச் செய்து பழசு போல ஆக்கியவையும் கலந்திருக்கும் என்பதால், “அண்ணே, இது பழசா, புதுசா?” என்று நேராகவே கேளுங்கள். பேரம் உண்டு. இரண்டு மூன்று பொருளாகச் சேர்த்து எடுத்தால் விலை இறங்கும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. ரசீது எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

படி 5: மதியச் சாப்பாடு

ஏதாவது ஒரு மெஸ்ஸில் இலை போட்டு உட்காருங்கள். உப்புக்கறி (ஆட்டுக்கறி வறுவல்) இருந்தால் விடாதீர்கள்.

படி 6: பலகாரம்

இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், உடையும், நசுங்கும், எண்ணெய் கசியும். சாயங்காலம் வெள்ளைப் பணியாரம் சூடாகக் கிடைக்கும். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து ஊறவைப்பதுதான் இதன் கணக்கு. மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றியதும் அடியில் போய் மெல்ல எழும்பி உப்பும். சிவக்கும் முன்னே எடுத்துவிட வேண்டும், நிறம் ஏறினால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. வரமிளகாய்ச் சட்னியோடு அங்கேயே நின்று சாப்பிடுங்கள், கட்டிக்கொண்டு போனால் அந்த மெதுமை போய்விடும்.

ஊருக்குக் கொண்டுபோக தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, வெல்லப்பாகில் பிரட்டிய மணகோலம். வாங்கும்போது, “ஆச்சி, என்னைக்குப் போட்டது?” என்று கேட்டு ஒன்றை உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள். காறல் இல்லாமல் மொறுமொறுவென்று இருந்தால் எடுக்கலாம். மணகோலத்தை மட்டும் முறுக்கோடு ஒரே பையில் போட வேண்டாம், முறுக்கு நமத்துவிடும். எனாமல் தூக்கு வாங்கியிருந்தால் செய்தித்தாளைச் சுற்றிக் கட்டைப்பையின் அடியில் வையுங்கள், சேலை நடுவில், பலகாரம் மேலே.