மலை இறங்கும் மின்சார சைக்கிளுக்கு மலிவு டிஸ்க் பிரேக் போதுமா? கணக்குப் போடுவதில் நடக்கும் தவறுகள்

கடை வாசலில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, பிரேக்கை ஒருமுறை இறுக்கிப் பிடித்து, "நச்சுன்னு நிக்குதே" என்று பணத்தை எண்ணிக் கொடுப்பதுதான் மின்சார மவுண்டன் பைக் வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் 160 மி.மீ. ரோட்டார், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடு. ஊருக்குள் ஒரு குறையும் தெரியவில்லை.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிய அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச தூரத்துக்குப் பிறகு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லீவர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. பர்லியாறு வந்தபோது பின் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. ஏதோ பிளாஸ்டிக் கருகுவதுபோல ஒரு வாடை. ஒரு பழக்கடை ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால், வெள்ளி நிறத்தில் இருந்த ரோட்டார் வைக்கோல் நிறமாகி, ஓரத்தில் நீலம் பூத்திருந்தது. "தண்ணி ஊத்துங்க தம்பி" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று தடுத்தேன். கொதிக்கும் தகட்டில் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும். அப்புறம் அவர் சொன்னார்: "லாரிக்காரங்க மாதிரி சின்ன கியர்ல இறங்க வேண்டியதுதானே?"

இரண்டாவது தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. லாரியில் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நம் சைக்கிளில் அது நடக்காது. பெடலை நிறுத்தினால் ஃப்ரீவீல் பிடிப்பை விட்டு, சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும். நடுவில் மோட்டார் வைத்த வண்டிகளில் இறக்கத்தில் பேட்டரி ஏறவும் ஏறாது, மோட்டார் வேகத்தைக் குறைக்கவும் குறைக்காது. சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார்களில், கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் வகை சிலவற்றில் மட்டும் அந்த வசதி உண்டு. "25 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாத வண்டிதானே" என்பதும் இதே கணக்கில் சேரும். 25-இல் மோட்டார் தள்ளுவதை நிறுத்திவிடும், உண்மைதான். மலை தள்ளுவதை நிறுத்தாது.

வெப்பம் எவ்வளவு என்று பார்ப்போம். ஆள் 75 கிலோ, வண்டி 25, பை 5 என்றால் மொத்தம் 105 கிலோ. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர். இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க இரண்டு மெல்லிய தகடுகளின் தலையில்தான் விழும். பிரேக் ஒரு தடவை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதல்ல கேள்வி. நாற்பது நிமிடம் கழித்தும் அப்படியே பிடிக்கிறதா என்பதுதான்.

அதனால் காலிப்பரின், அதாவது பிஸ்டன்கள் உரசும் கட்டையைத் தள்ளித் தகட்டைக் கவ்வும் பாகத்தின், விலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறுதான். "நாலு பிஸ்டன் போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று நண்பர் ஒருவர் பெருமையாகக் காட்டினார். ரோட்டார் அதே 160. கைக்கு வலு கூடியிருக்கும். வெப்பம் போக வழி? 160-இலிருந்து 203-க்கு மாறினால் அதே அழுத்தத்தில் நிறுத்தும் விசை கால் பங்குக்கு மேல் கூடும், சூட்டை வாங்கவும் காற்றில் விடவும் உலோகம் அதிகம் கிடைக்கும். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் உங்கள் ஃபோர்க்கும் ஃபிரேமும் எந்த அளவு வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

அடுத்தது பேட், அதாவது தகட்டில் உரசும் கட்டை. மலிவு ரோட்டார்கள் பலவற்றில் பொடி எழுத்தில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கும். பேட் சீக்கிரம் தேய்கிறதே என்று அதில் மெட்டல் பேட் போட்டால், அது ரோட்டாரை அரித்துத் தின்றுவிடும். பிசின் கலந்து செய்த ரெசின் பேட் சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். மெட்டல் பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் அதற்கேற்ற ரோட்டார் வேண்டும். ஷிமானோ கம்பெனியின் 1.8 மி.மீ. தடிமன் ரோட்டார் தேய்ந்து 1.5-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அளவு தகட்டிலேயே இருக்கும்.

பிரேக் தளரும்போது என்ன கெட்டது என்பதை லீவரே சொல்லும். லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போனால் பேட் சூடாகிவிட்டது, அல்லது எண்ணெய் பட்டுவிட்டது. திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கில் லீவர் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே திரவம் கொதித்து ஆவியாகிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. கேபிள் பிரேக்கில் லீவர் கைப்பிடி வரை வந்தால் பெரும்பாலும் பேட் தேய்மானம். ஹைட்ராலிக்கில் தேய்ந்த அளவுக்குப் பிஸ்டன் தானே முன்னே வந்து நிற்கும். கேபிளில் நாம்தான் திருகி நெருக்க வேண்டும். எனக்குப் பர்லியாற்றில் நடந்தது இதுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புதுப் பிரேக் பிடிக்கவில்லை என்று முதல் நாளே திட்டுவது. பேடின் மெல்லிய படலம் ரோட்டாரில் ஒட்டிய பிறகுதான் முழுப் பிடி வரும். மிதமான வேகத்தில் போய், நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, முழுக்க நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி ஒரு பிரேக்குக்கு இருபது தடவையாவது செய்ய வேண்டும். இதைச் செய்யாமலே நல்ல பிரேக்கைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் ரோட்டாரில் தெறிக்கவிட்டு, பிரேக் மட்டம் என்பவர்களும் உண்டு.

ஆயில் விஷயத்தில் மட்டும் கைவைத்தியம் கூடாது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுராவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமில் மாடலுக்கு மாடல் மாறும், பலவற்றில் டாட் (DOT) எனப்படும், கார், பைக்குகளில் ஊற்றும் பிரேக் திரவம். பைக் மெக்கானிக்கிடம் இருந்த டாட் திரவத்தை மினரல் பிரேக்கில் ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் உப்பிப் போகும்.

சரி, மலிவுப் பிரேக் போதுமா? சமதளம், சின்ன ஏற்ற இறக்கம் என்றால் ஷிமானோ எம்டி200 போன்ற இரண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் தாராளம். மலையிலிருந்து இறங்குவதே வாடிக்கை என்றால் எம்டி420 போன்ற தொடக்க நிலை நாலு பிஸ்டன், முன்னால் 203 ரோட்டார், அதற்குப் பொருந்தும் மெட்டல் பேட். விலை உச்சிக்குப் போக வேண்டியதில்லை. கேபிள் பிரேக்கோடு மட்டும் நீண்ட இறக்கத்துக்குப் போகாதீர்கள். எதுவானாலும் லீவரைத் தொட்டுக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு முழுக்க விட்டு, தகட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்.

நான் பிரேக்கை மாற்றியபோது ஒன்றை மறந்தேன். என்னுடையது ஹப் மோட்டார் வண்டி. பழைய லீவரில், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சார் இருந்தது, புது லீவரில் இல்லை. பெடலை நிறுத்திய பின்னும் அரை நொடி மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் லீவரில் ஒட்டும் காந்த சென்சார் ஒன்றை வாங்கி, பழைய ஒயரில் இணைத்த பிறகுதான் அது அடங்கியது.